கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒரு கடல்

மகளின் வகுப்பு கெல்லி டார்ல்ட்டன் மீன்காட்சியகத்துக்குச் சுற்றுலா போன நாளில், துணைக்குப் போன பெற்றோரில் நானும் ஒருவன். ஆறு பிள்ளைகள் என் பொறுப்பு. நகரும் நடைபட்டையில் நின்றபடி கண்ணாடிச் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே சுறா ஒன்று வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு நீந்திப் போனது. பிள்ளைகளின் கவனத்தைப் பிடித்து வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வேடிக்கைத் தகவலைச் சொன்னேன்: "நாம இப்ப நிக்கிற இடம் ஒரு காலத்துல சாக்கடைத் தொட்டி. ஆக்லாந்து ஊரோட கழிவெல்லாம் இங்கதான் இருந்துச்சு." ஒரே கூச்சல், சிரிப்பு, மூக்கைப் பிடித்துக்கொள்ளல். அதில் ஒரு பையன் மட்டும் சிரிக்காமல், "யாரோடது?" என்று கேட்டான்.

"எல்லாரோடதும்தான்" என்றேன். அதற்கும் சிரிப்பு.

இரவு சாப்பாட்டின்போது மகள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். தொட்டியில் இருந்தது பிறகு எங்கே போனது? கடலுக்கு. எந்தக் கடலுக்கு? அந்த வாசலிலேயே இருக்கிற கடலுக்குத்தான். அங்கே யார் இருந்தார்கள்? அந்த இடத்தில் எனக்குப் பதில் நின்றுபோனது. முதுகலைப் படிப்புக்காக இந்த ஊருக்கு வந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் கடற்கரைச் சாலையில் நூறு முறையாவது கார் ஓட்டியிருப்பேன். சென்னையிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். அங்கே யார் இருந்தார்கள் என்பது மட்டும் தெரியாது.

தேடிப் படிக்க ஆரம்பித்தபோது கையில் கிடைத்தது வைத்தாங்கி தீர்ப்பாயத்தின் 1987ஆம் ஆண்டு ஓராக்கெய் அறிக்கை. அரசு அறிக்கை என்று அலட்சியமாகத் திறந்தேன். இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை.

அங்கே இருந்தவர்கள் ங்காத்தி ஃபாத்துவா என்ற மாவோரி மக்கள். 1840இல் அவர்களின் தலைவர் அப்பிஹாய் தெ கவாவ், ஆளுநர் ஹாப்சனை அழைத்து, தலைநகர் அமைக்க 3,000 ஏக்கர் நிலம் கொடுத்தார். இன்றைய ஆக்லாந்து நகரத்தின் தொடக்கம் அந்த நிலம்தான். அவர்கள் கடைசியாகத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டது ஓராக்கெயில் 700 ஏக்கர். 1869இல் நீதிமன்றமே அதை யாருக்கும் விற்க முடியாத நிலம் என்று அறிவித்தது. அதன் பிறகு நடந்தது நமக்குப் புதிதல்ல. சட்டத்தை மாற்றுவது, கூட்டுச் சொத்தைப் பங்கு பிரிப்பது, பங்கை விலை பேசுவது, பொதுநலன் என்று சொல்லி எடுத்துக்கொள்வது. அவர்களின் ஊர் ஓகாஹு விரிகுடாவின் கரையில் இருந்தது. அந்த ஊருக்கும் கடலுக்கும் நடுவே, கடற்கரையை ஒட்டியே, நகரத்தின் பிரதானக் கழிவுநீர்க் குழாயைக் கொண்டுபோனார்கள். 1914இல் அது வேலை செய்யத் தொடங்கியது. ஊர் முழுவதன் கழிவும் ஓராக்கெய் முனையில் உள்ள தொட்டிகளுக்கு வரும். கடல் வற்றத்துக்காகக் காத்திருந்து, நீர் இறங்கும் நேரத்தில் திறந்துவிடுவார்கள். சுத்திகரிப்பு என்று எதுவும் கிடையாது. அலை கொண்டுபோய்விடும் என்ற நம்பிக்கைதான்.

அலை எல்லாவற்றையும் கொண்டுபோகவில்லை. விரிகுடாவின் சிப்பி, மட்டிப் படுகைகள் கெட்டன. மட்டி அவர்களுக்கு அன்றாடச் சாப்பாடு, அதோடு விருந்தினருக்கு வைக்கும் மரியாதை. ஒரு மாவோரி ஊரின் பெருமையே அது தன் கரையில் விளைந்ததை வந்தவருக்குப் பரிமாறுவதில்தான் இருக்கிறது. குழாய் மேடாக நின்றதால் மழைநீர் வடிய வழியில்லாமல் ஊர் சேறானது. ஊரை அந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, இந்த ஊர் சுகாதாரக் கேடு, கண்ணுக்கு அசிங்கம் என்று சொல்லத் தொடங்கினார்கள். 1951, 52இல் மக்களை அப்புறப்படுத்தி மேட்டில் இருந்த அரசு வாடகை வீடுகளில் குடியேற்றினார்கள். பழைய வீடுகளையும் பொதுமனையையும் இடித்துக் கொளுத்தினார்கள். அவர்களிடம் மிஞ்சியது கால் ஏக்கர் இடுகாடு.

இதைப் படிக்கும்போது எண்ணூர் ஞாபகம் வராமல் இருக்குமா? கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து, இறாலும் நண்டும் போய், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் வந்து படகுகளில் கருப்பாய் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு ஊரும் தன் கழிவை அனுப்ப ஒரு திசை வைத்திருக்கிறது. அந்தத் திசையில் யாராவது ஏற்கெனவே குடியிருந்திருக்கிறார்கள்.

1960இல் நகரின் தென்பகுதியில் மாங்கரே சுத்திகரிப்பு நிலையம் திறந்தது. ஓராக்கெய் தொட்டிகள் ஓய்ந்தன. வைத்தமத்தா துறைமுகம் மூச்சுவிட்டது. ஆனால் மாங்கரே இருப்பது மனுகாவ் துறைமுகக் கரையில். அந்தக் கரைக்கும் வேறு மாவோரிகள் உண்டு, அவர்களுக்கும் மட்டிப் படுகைகள் உண்டு. ங்கானெக்கோ மின்ஹின்னிக் என்ற பெண்மணி அந்த வழக்கைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனார். மனுகாவ் அறிக்கை வெளிவந்தது 1985இல்.

அதே 1985இல்தான், ஜனவரி 25 அன்று, காலியாகக் கிடந்த ஓராக்கெய் தொட்டிகளுக்குள் மீன்காட்சியகம் திறந்தது.

கெல்லி டார்ல்ட்டன் எனக்குப் பிடித்த வகை மனிதர். 1937இல் வடக்கே தெ கோப்புரு என்ற சிற்றூரில் பிறந்தவர், தொலைபேசித் தொழில்நுட்பராகத் தபால் துறையில் வேலை பார்த்தவர். ஜாக் குஸ்தோவின் கடல் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு முக்குளிக்கப் போனவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. கருவிகளைத் தானே செய்துகொள்வார். மூழ்கிய கப்பல்களைத் தேடுவதே வாழ்க்கையானது. 1902இல் த்ரீ கிங்ஸ் தீவுகளில் மோதி மூழ்கிய எலிங்கமைட் கப்பலிலிருந்து நாணயங்களை எடுத்தார். 1769இல் பிரெஞ்சு மாலுமி சுர்வில் புயலில் விட்டுவிட்டுப் போன நங்கூரத்தை 1974இல் கண்டுபிடித்தார். எடுத்ததையெல்லாம் விற்றுக் காசாக்காமல், பழைய படகு ஒன்றில் மூழ்கிய கப்பல்களுக்கென்றே அருங்காட்சியகம் வைத்தார்.

அவருக்கு ஒரு வருத்தம் இருந்திருக்க வேண்டும். தான் பார்த்ததை முக்குளிக்காத ஒருவருக்கு எப்படிக் காட்டுவது? அதுவரை மீன்காட்சியகம் என்றால் சுவரில் பதித்த சன்னல். 1853இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் முதல் பொது மீன்காட்சியகம் திறந்த காலத்திலிருந்து ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்: மீன் உள்ளே, நாம் வெளியே. டார்ல்ட்டன் அதைத் திருப்பிப் போட்டார். தட்டையான அக்ரிலிக் தகடுகளைப் பெரிய அடுப்பில் சூடாக்கி, இளகியதும் அச்சில் படியவைத்து வளைத்து, ஒன்றோடொன்று இணைத்துச் சுரங்கமாக்கினார். தொட்டி முழுக்கக் கடல்நீர், நடுவே சுரங்கம், அதற்குள் மனிதர்கள் பட்டையில் நகர்ந்து போவார்கள். இன்று உலகெங்கும் பேரங்காடிகளில்கூட இருக்கிற கண்ணாடிச் சுரங்கங்களுக்கு முன்னோடிகளில் ஒன்று இது. பணம் குறைவாக இருந்த ஒரு மனிதர், யாருக்கும் வேண்டாத கான்கிரீட் தொட்டிகளைப் பார்த்து, அவை ஏற்கெனவே நீர் தாங்கக் கட்டப்பட்டவை என்று கண்டுகொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. என் தொழிலில் பழைய நிரலை அழிக்காமல் அதன் மேல் புதியதைக் கட்டத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

திறந்து ஏழே வாரத்தில், மார்ச் 17 அன்று, 47 வயதில் அவர் இறந்துபோனார். அதற்குள் ஒரு லட்சம் பேர் அந்தச் சுரங்கத்தில் போய் வந்திருந்தார்கள்.

அவர் தொட்டியைப் பார்க்க வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால்தான் தொட்டிக்கு மேலே இருக்கும் பாஸ்டியன் முனையில் இன்னொன்று நடந்தது. தங்களிடமிருந்து எடுக்கப்பட்ட நிலத்தில் பணக்கார வீடுகள் கட்ட அரசு திட்டமிட்டபோது, 1977 ஜனவரி 5 அன்று ஜோ ஹாக் தலைமையில் ங்காத்தி ஃபாத்துவா மக்கள் அங்கே குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். 506 நாள். இடையில் தீப்பிடித்து ஒரு சிறுமி இறந்தாள். 1978 மே 25 அன்று காவல்துறையும் இராணுவமும் வந்து 222 பேரைக் கைது செய்தன. உட்கார்ந்திருந்தவர்களில் எவ்வளவோ பேர் இளைஞர்கள். பிறகு தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் நின்றது. 1991இல் சட்டம் வந்து நிலத்தின் ஒரு பகுதி திரும்பியது. மகளுக்கு நான் சொல்லத் தவறிய பதில் இதுதான். அன்று சுரங்கத்தில் நின்ற எங்கள் தலைக்கு மேல் சுறா, அதற்கு மேல் கான்கிரீட், அதற்கும் மேல் இந்த மண்.

நம் பக்கம் மீன்காட்சியகத்தின் கதை வேறு மாதிரி. 1909இல் மெரினாவில் மாநிலக் கல்லூரிக்கு எதிரே ஒரு மீன்காட்சியகம் திறந்தது. இந்தியாவின் முதலாவது என்று சொல்லப்படுவது. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொன்ன சென்னைவாசிகள், கடற்கரைக்கு வந்து காசு கொடுத்து மீனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சன்னலுக்கு வெளியே அதே மீனை வலையோடு இழுத்துக்கொண்டிருந்த கரையில் இது நடந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இரண்டாம் உலகப்போரின்போது அதை மூடினார்கள்.  ஆக, எங்கள் தலைமுறைக்குச் சென்னையில் கடலைப் பற்றிச் சொல்லித்தர நல்ல கண்ணாடி வாய்க்கவில்லை.

கண்ணாடி இல்லாத குறையோ என்னவோ, வேலையைப் பிள்ளைகளே செய்தார்கள். 1970களின் தொடக்கத்தில், கிண்டி பாம்புப் பண்ணையை நடத்திய ராமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இரவில் கடற்கரையோரம் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைக் காப்பாற்ற முயன்றார்கள். பிறகு மத்திய மீன்வள ஆய்வு நிறுவனமும் வனத்துறையும் சில ஆண்டுகள் செய்தன. அதுவும் நின்றபோது, 1988இல், கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர். கட்டடம் இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் மணலில் நள்ளிரவில் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்லூரிக் காலத்தில் நானும் ஒரு முறை போனேன். ஆமை மேல் உள்ள அக்கறையில் போனேன் என்று சொன்னால் பொய். நண்பன் கூப்பிட்டான், மறுநாள் ஞாயிறு. முதல் ஒரு மணி நேரம் பேச்சும் கிண்டலுமாகப் போனது. அப்புறம் மணலில் கால் புதைந்து புதைந்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். திருவான்மியூர் தாண்டியபோது முன்னால் போனவர் சட்டென்று நின்றார். ஈர மணலிலிருந்து மேட்டை நோக்கி ஒரு தடம், சின்ன டிராக்டர் ஏறி இறங்கியதுபோல. ஆமை போய்விட்டிருந்தது. கோலால் குத்திக் குத்தி மண் இளகிய இடத்தைக் கண்டுபிடித்து, முழங்கை வரை கையை விட்டுத் தோண்டினார்கள். குழி, வாய் குறுகி அடி அகன்ற பானை வடிவில் இருந்தது. நூற்றுக்கும் மேல் முட்டை. பிங்பாங் பந்துபோல, ஆனால் தோல்போல மெத்தென்று இருக்கும். ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் இட்டு, வேலி போட்ட பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் அதே வடிவத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். 45 நாளுக்கு மேலாகும் பொரிய. மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் ஆணா பெண்ணா என்பது. சூடு ஏறினால் பெண். இடத்தை மாற்றாமல் விட்டிருந்தால் நாய்கள் தின்னும், அல்லது பொரிந்த குஞ்சு தெருவிளக்கின் வெளிச்சத்தைக் கடலென்று நினைத்து ரோட்டுக்கு ஏறும்.

அந்த ஒரு இரவோடு நான் சரி. அந்தக் கூடு பொரிந்ததா என்று போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அந்த அமைப்பு இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. வேலைக்குப் போய், கல்யாணமாகி, நரைத்த பிறகும் வந்து நடப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பருவத்திலும் புதிய மாணவர்களும் வருகிறார்கள். நடை போதுமா என்றால், போதாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமைக்கு மூச்சுவிட மேலே வர வேண்டும். இழுவைவலையில் சிக்கினால் அது நடக்காது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப்படகு வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. இழுவைமடி என்ற சொல்லை யாழ்ப்பாணத்து வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2017இல் இலங்கை அதைத் தடைசெய்த பிறகும் இரண்டு கரைத் தமிழர்களுக்கும் இடையில் கிடக்கும் சண்டை அது. வடமராட்சிக் கரையின் வலையை அறுப்பதும் சென்னைக் கரையின் ஆமையைக் கொல்வதும் ஒரே மடிதான் என்பதை நாம் ஏனோ சேர்த்துப் பேசுவதில்லை.

ஆக்லாந்துக்குத் திரும்புகிறேன். இங்கே ஆமை முட்டையிட வராது, நீர் குளிர். ஆனால் ஆமைகள் வருகின்றன. வெப்பக் கடலிலிருந்து நீரோட்டத்தோடு தெற்கே வரும் பேராமை போன்றவை குளிரில் விறைத்தோ, பிளாஸ்டிக்கை விழுங்கியோ வடபகுதிக் கரைகளில் ஒதுங்கும். முதலில் ஆக்லாந்து விலங்குக்காட்சிசாலையின் மருத்துவமனை, பிறகு தேறும் வரை கெல்லி டார்ல்ட்டனின் தொட்டி, கோடையில் கடல் சூடேறியதும் வடக்கே கொண்டுபோய் விடுதல். அன்று பிள்ளைகள் சுறாவைவிட அதிக நேரம் நின்று பார்த்தது அப்படி வந்த ஓர் ஆமையைத்தான். அதனால் மூழ்க முடியவில்லை. குடலில் வாயு சேர்ந்துவிட்டால் ஆமை தக்கைபோல மிதக்கும். கீழே போய் இரையெடுக்க முடியாது. அது தலையைக் கீழே அமுக்குவதும் பின்பக்கம் மேலே எழும்புவதுமாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

மீன்காட்சியகங்கள் மேல் எனக்குள்ள சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 1965இல் நேப்பியரில் தொடங்கிய டால்ஃபின் காட்சி, கடைசி டால்ஃபின் 2008இல் செத்த பிறகே மூடியது. அதைப் பார்த்துக் கைதட்டிய பிள்ளைகளுக்கும் கடல் பாசம் ஊட்டுவதாகத்தான் சொல்லியிருப்பார்கள். பார்ப்பதால் மட்டும் அக்கறை வந்துவிடும் என்பது டிக்கெட் விற்பவரின் நம்பிக்கை. ஆனால் டார்ல்ட்டனோடு எலிங்கமைட்டில் மூழ்கி நாணயம் எடுத்த வேட் டோக் பின்னாளில் கடலைக் காப்பாற்றும் எழுத்தாளராகவே மாறினார். அவர் எழுதி எழுதிப் புகழ்சேர்த்த புவர் நைட்ஸ் தீவுகள் 1981இல் காப்பகமாயின. புதையலுக்காகக் கீழே போனவர்கள் மீனைப் பார்த்துவிட்டு மேலே வந்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கில் எனக்கு மிகவும் நம்பகமாகத் தெரியும் பள்ளிக்கூடம், நகரிலிருந்து ஒன்றரை மணி நேரம் வடக்கே இருக்கும் லீ கடற்கரை. ஆய்வுக்கூடத்துக்கு முன்னாலிருக்கும் கடலை யாரும் எதையும் எடுக்காமல் விட்டுவைக்க வேண்டும் என்று உயிரியலாளர் பில் பாலன்டைன் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1971இல் சட்டம், 1975இல் நியூசிலாந்தின் முதல் கடற்காப்பகம். உள்ளூர்க்காரர்கள் அவரைத் திட்டினார்கள். விட்டுவைத்ததும் ஸ்னாப்பர் மீன் பெருத்தது. அது கடல்முள்ளியைத் தின்றது. முள்ளி மேய்ந்து மொட்டையாக்கியிருந்த பாறைகளில் பாசிக்காடு மீண்டும் முளைத்தது. இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு முகமூடியும் மூச்சுக்குழாயும் கொடுத்து அந்த நீரில் இறக்குகிறார்கள். காப்பகத்துக்கு உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை என்று இரண்டு இடத்திலும் நீந்திப் பார்த்த பிள்ளைக்கு மேற்கொண்டு பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் மகள் வெளியே வந்து, "அங்க ஒண்ணுமே இல்லப்பா" என்று மட்டும் சொன்னாள்.

ஓகாஹுவிலும் வேலை நடக்கிறது. ஹவுராக்கி வளைகுடாவின் தரை முழுக்க ஒரு காலத்தில் பச்சை உதட்டு மட்டிகள் பாய்போல விரிந்து கிடந்தன. 1960களுக்குள் அதைத் தோண்டி எடுத்துத் தின்று தீர்த்துவிட்டோம். இப்போது ங்காத்தி ஃபாத்துவா மக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து உயிருள்ள மட்டிகளைக் கொண்டுவந்து விரிகுடாத் தரையில் போடுகிறார்கள். மட்டி தண்ணீரை வடிகட்டும். அவர்களின் இளைஞர்கள் மூழ்கி எத்தனை பிழைத்தன என்று எண்ணுகிறார்கள். நிறைய சாகின்றன. மறுபடி போடுகிறார்கள். பெருமழை பெய்தால் இன்றும் பழைய குழாய்கள் நிரம்பிக் கழிவு கடலுக்கு வருகிறது. அதைத் தடுக்க மாங்கரே வரை 4.5 மீட்டர் அகலத்தில் 16 கிலோமீட்டருக்குச் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். மறுபடியும் மாங்கரே.

மகளுக்கு இப்போது பதினாறு வயது. கோடை விடுமுறைக்குச் சென்னை போகிறோம். ஜனவரி, ஆமைகள் ஏறத் தொடங்கும் மாதம். அவளே தேடிப் பிடித்து நடைக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். போன வாரம் பெட்டி கட்டும்போது கையில் ஒரு நெற்றிவிளக்கை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இத எடுத்துக்கட்டுமாப்பா?"

"வேண்டாம். வெளிச்சம் கண்டா ஆமை திரும்பிப் போயிடும்."

"அப்ப எப்படித் தெரியும்?"

"கொஞ்ச நேரத்துல கண்ணு பழகிடும்" என்றேன். விளக்கை மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்களும் வர்றீங்கல்ல? ஏழு கிலோமீட்டர்" என்றாள். முழங்கால் உறையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.